சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள்: பெற்றோர் அறிய வேண்டிய கல்வி உரிமைகள்

பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மார்க்கம் கற்க வந்த நேரத்தில் நபி (ஸல்) அவர்களின் கவனம் குறைஷித் தலைவர்கள் பக்கம் இருந்தது. அதைச் சுட்டிக்காட்டியே 'அபஸ' அத்தியாயம் (80) இறங்கியது. பின்னாளில் அந்தத் தோழர் மதீனாவில் முஅத்தினாகவும், நபியவர்கள் வெளியூர் சென்றபோது ஊரின் பொறுப்பாளராகவும் இருந்தார்கள். கற்க வரும் எவரையும் ஒதுக்கக் கூடாது என்பதே இதில் நமக்குள்ள படிப்பினை.

ஆனாலும், 'இவனுக்குப் படிப்பு ஏறாது' என்று பிள்ளையை வீட்டோடு வைத்துக்கொள்ளும் பெற்றோர் நம் மஹல்லாக்களில் இன்றும் உள்ளனர்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு ஆகியவையும் இதில் அடங்கும். 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்புள்ள பிள்ளைகள் 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம். அரசுப் பள்ளியும் அரசு உதவிபெறும் பள்ளியும் குறைபாட்டைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள் உள்ளன. கோட்டைப்பட்டினத்தில் இருப்பவர்கள் மணமேல்குடிக்கும், மற்றவர்கள் தத்தம் ஒன்றியத்துக்கும் உரிய வட்டார வள மையத்தை அணுகலாம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் சிறப்பாசிரியரின் உதவியும் இயன்முறைப் பயிற்சியும் அங்கு கிடைக்கும். பள்ளிக்கு வர இயலாத பிள்ளைக்கு வீட்டிலேயே பயிற்சி அளிக்கவும் அத்திட்டத்தில் வழியுண்டு.

முதலில் அரசு மருத்துவரிடம் காட்டிச் சான்றிதழும், தனித்துவ அடையாள அட்டையும் பெற்றுவிடுங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்கு அந்தச் சான்றிதழ் தேவை. தலைமையாசிரியர் மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு நெருங்கிய பிறகு அலைவதில் பயனில்லை.

மக்தப் ஆசிரியர்களான நமக்கும் இதில் பொறுப்புண்டு. எழுத்துகளை மாற்றி மாற்றி ஓதும் பிள்ளையைச் சோம்பேறி என்று நாமும் கண்டித்திருக்கிறோம். அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். பிரம்பை எடுக்காமல் பெற்றோரை அழைத்துப் பேசுவதே சரி. ஜும்ஆ பயானில் இந்த விவரங்களைச் சொன்னால், வீட்டுக்குள் முடங்கியிருக்கும் ஒரு பிள்ளையாவது பள்ளிக்குப் போகும், இன்ஷா அல்லாஹ்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட இந்த அமானிதங்களைப் பேணிக் காக்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.