ஊருக்குள் வந்து தங்கிய வானொலி

பத்திரிகைப் பணியில் நான் இருந்த காலத்தில் கோயில் திருவிழா, வாசிகசாலை ஆண்டுவிழா, விளையாட்டுப் போட்டி என நாள்தோறும் அறிவித்தல்கள் எமது மேசையில் வந்து குவியும். அவற்றை இரண்டு வரிகளாகச் சுருக்கிப் பிரசுரிப்பதோடு எமது கடமை முடிந்துவிட்டதாகவே எண்ணினோம். ஓர் ஊரின் விழாவுக்கு ஊடகம் செய்யக்கூடியது அவ்வளவுதானா என்ற வினாவைப் பின்னாளில் என்னுள் எழுப்பியது மகாவலி சமூக வானொலியின் வரலாறு.

இலங்கையில் வானொலி ஒலிபரப்பு 1925 ஆம் ஆண்டிலேயே கொழும்பில் ஆரம்பமாயிற்று. ஆயினும் நெடுங்காலமாகக் கொழும்பு பேசியது, கிராமம் கேட்டது. இந்த ஒழுங்கை மாற்ற முனைந்த முயற்சிகளுள் முக்கியமானது, யுனெஸ்கோவினதும் டென்மார்க்கின் டனிடா அமைப்பினதும் உதவியுடன் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1981 இல் தொடங்கிய மகாவலி சமூக வானொலியாகும். பிறந்த ஊரைவிட்டு மகாவலித் திட்டத்தின் புதிய குடியேற்றங்களுக்குச் சென்ற மக்களே அதன் நேயர்கள். நீரும் நிலமும் கிடைத்த அவர்களுக்கு அயலவர் என்ற உறவு இனிமேல்தான் உருவாகவேண்டியிருந்தது.

தயாரிப்பாளர் குழுவொன்று கிராமத்துக்கு வந்து சில நாட்கள் அங்கேயே தங்கும். பகலில் மக்களின் அனுபவங்களையும் குறைகளையும் ஒலிப்பதிவு செய்யும். நிறைவாக, ஓர் இரவில் ஊரவரே பாடி நடிக்கும் கலைநிகழ்ச்சி அரங்கேறும், அதுவும் ஒலிபரப்பாகும். இத்தகைய விழாவுக்குத் தனியான விளம்பரம் எதற்கு? பாடப்போகும் பெண்ணின் வீட்டாரும் நடிக்கப்போகும் இளைஞனின் நண்பர்களுமே அதன் விளம்பரம்.

பின்னர் 1986 இல் கிராந்துருக்கோட்டையிலும் 1989 இல் கொத்மலையிலும் சிறு நிலையங்கள் அமைந்தன. 1999 இல் கொத்மலை நிலையம் யுனெஸ்கோவின் ஆதரவுடன் இணையத்தையும் இணைத்துக்கொண்டது. நேயர்கள் கேட்ட கேள்விகளுக்கு அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி, எளிய மொழியில் வானலையில் விளக்கினர். இணையம் கிராமத்தை எட்டியிராத காலத்தில் இது உலகின் கவனத்தை ஈர்த்தது.

எனினும் குறைகளையும் பதிவுசெய்தல் பத்திரிகையாளனின் கடமை. ‘சமூக வானொலி’ எனப் பெயர் இருந்தபோதிலும், நிலையங்களின் உரிமை அரச கூட்டுத்தாபனத்திடமே இருந்தது, மக்களிடம் இருக்கவில்லை. கொத்மலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் தமிழர் வாழ்ந்தபோதும் மகாவலி வானொலியின் முதன்மை மொழி சிங்களமே. பக்கத்து மலைச்சரிவில் வாழ்பவன் தன் மொழியில் பேச இடமில்லையெனில், சமூகம் என்ற சொல் எவரைக் குறிக்கிறது?

இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் விழா எடுக்கும் எம்மவர், தமிழ் வானொலிகளில் விளம்பர நேரம் வாங்குவதோடு நின்றுவிடுவதுண்டு. அவர்களுக்கு நான் கூற விரும்புவது இதுதான்: விளம்பரத்தைக் கொடுப்பதற்கு முன் வானொலியாரை ஒத்திகைக்கு அழையுங்கள். சமையற்கட்டில் நிற்கும் அம்மாவிடமும் கதிரை அடுக்கும் பையனிடமும் ஒலிவாங்கியை நீட்டச் சொல்லுங்கள். தன் குரலை வானொலியில் கேட்டவர் விழாவுக்குத் தனியாக வரமாட்டார்.