எஃப்.பி.ஜி.ஏ.

‘ஃபீல்டு புரோகிராமபிள் கேட் அரே’ என்பதன் சுருக்கம். கேட் என்பது தர்க்க வாயில்; அரே, அவற்றின் அணிவரிசை. பெயரின் உயிர் ‘ஃபீல்டு’ என்பதில்தான் இருக்கிறது. இதைப் ‘புலம்’ என்று எழுதினால் மின்புலம் நினைவுக்கு வரும். ‘களம்’ என்பதே சரி. முந்தைய வாயில் அணிச் சில்லுகளில் இணைப்புகளைத் தொழிற்சாலையிலேயே உலோகத் தடங்களாகப் பதித்துவிடுவார்கள், பிறகு மாற்ற வழியில்லை. புதிய சில்லிலோ வாங்கியவரே தம் இடத்தில் இணைப்புகளை வகுத்துக்கொள்ளலாம். ராஸ் ஃப்ரீமன் உள்ளிட்டோர் 1984இல் தொடங்கிய சைலின்க்ஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்ட எக்ஸ்சி2064 இந்த வகையின் முன்னோடி. அதில் இருந்தவை 64 தர்க்கக் கட்டங்களே.

கண்காணிப்புக் கேமராவில் எஃப்.பி.ஜி.ஏ.வின் அருமை தெரியும். 1920×1080 அளவுப் படம் நொடிக்கு 30 வந்தால், நொடிக்குச் சுமார் 6.2 கோடிப் படப்புள்ளிகள். இரைச்சலை நீக்கவோ விளிம்பைக் காணவோ, சுற்றியுள்ள எட்டுப் புள்ளிகளோடு ஒப்பிட்டால் போதும் என்னும்போது முழுப் படத்தையும் சேமிக்க வேண்டியதில்லை. இரண்டு வரிகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, புள்ளிகள் வர வரச் சில்லு விடை சொல்லிக்கொண்டே போகும். அதற்கேற்ப வடிவமைத்திருந்தால், கம்பத்தில் ஏற்றிவிட்ட கேமராவுக்கும் புதிய வடிகட்டியை இணையம் வழியே அனுப்பி, சுற்றையே மாற்றியமைக்கலாம்.