புறாவின் கூடாரமும் காகம் அசைத்த மணியும்

கெய்ரோ என்றதும் எங்களில் அநேகருக்கு நினைவில் எழுவது அல்-அஸ்ஹர்தான். இலங்கையிலிருந்து அங்கு ஓதச் சென்ற ஆலிம்களின் பெயர்களோடு ‘அஸ்ஹரி’ என்ற அடைமொழியும் சேர்ந்து ஊர் திரும்பியது. ஆனால் அஸ்ஹருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, நைல் நதியின் அதே கரையில், சற்றுத் தெற்கே ஒரு முஸ்லிம் நகரம் எழுந்துவிட்டது. அதன் பெயர் புஸ்தாத். புஸ்தாத்தின் பிறப்பை ஒரு புறாவோடும், பின்னர் வந்த கெய்ரோவின் பிறப்பை ஒரு காகத்தோடும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது ஐதீகம்.

புறாவின் கதை இது: எகிப்துக்குப் படை நடத்தி வந்த அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) அவர்கள் பாபிலோன் கோட்டைக்கருகே கூடாரம் அடித்திருந்தார்கள். (இது ஈராக்கின் பாபிலோன் அல்ல, நைல் கரையில் உரோமர் கட்டிய கோட்டை.) 641இல் கோட்டை வீழ்ந்தது. அலெக்சாந்திரியாவை நோக்கிப் புறப்படும் வேளையில், கூடாரத்தில் புறாவொன்று கூடு கட்டியிருப்பது தெரியவந்தது. எம்மிடம் அடைக்கலம் தேடி வந்ததைக் கலைக்கலாகாது என்று அம்ர் (ரழி) அவர்கள் கூடாரத்தை அப்படியே விட்டுச் சென்றார்கள். மீண்டுவந்த படையினர் அதைச் சுற்றியே குடியமர்ந்தனர். அரபியில் புஸ்தாத் என்றால் கூடாரம்.

அழகான கதை. ஆனால், அகழி சூழ்ந்த பாசறையைக் குறிக்கும் ‘பொஸாதொன்’ என்ற கிரேக்கச் சொல்லே அரபியர் வாயில் புஸ்தாத் ஆயிற்று என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அப்படியாயின் கதையிலிருந்து பெயர் பிறக்கவில்லை. பெயரிலிருந்துதான் கதை பிறந்திருக்கிறது.

உண்மையான காரணத்தைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. அதுவரை எகிப்தின் தலைநகர் அலெக்சாந்திரியா. அங்கேயே தங்கிவிட அம்ர் (ரழி) அவர்கள் விரும்பினார்கள். தமக்கும் படையினருக்குமிடையே நீர் குறுக்கிடலாகாது எனக் கலீபா உமர் (ரழி) அவர்கள் தடுத்ததை 9ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் இப்னு அப்தில் ஹகம் பதிந்து வைத்திருக்கிறார். மதீனாவிலிருந்து ஒட்டகத்தில் வருபவன் நைலைக் கடக்காமலே வந்துசேரக்கூடிய இடம் புஸ்தாத். மேல் எகிப்தும் டெல்டாவும் சந்திக்கும் கழுத்துப் பகுதியும் அதுவே. தூர்ந்து கிடந்த பழைய உரோமக் கால்வாயைத் திரும்ப வெட்டி, நைலைச் செங்கடலோடு இணைத்து, ஹிஜாஸுக்குத் தானியம் அனுப்பினார்கள். அமீருல் முஃமினீன் கால்வாய் என்று அதற்குப் பெயர் வந்தது. ஒரு நகரம் நிலைக்கப் புறாவைவிடக் கால்வாய்தான் அவசியம்.

அடுத்து காகம். 969இல் பாத்திமியத் தளபதி ஜவ்ஹர், புஸ்தாத்துக்கு வடக்கே புதிய அரச நகரொன்றுக்கு எல்லை வகுத்தார். சுற்றிலும் கம்பங்கள் நட்டு, கயிறு கட்டி, மணிகளைத் தொங்கவிட்டு, சோதிடர் நல்ல நேரம் பார்த்துக் காத்திருந்தனராம். காகமொன்று கயிற்றில் வந்தமர்ந்தது. மணிகள் ஒலித்தன. சமிக்ஞை கிடைத்ததென எண்ணி வேலையாட்கள் அத்திவாரத்தைத் தொடங்கிவிட்டனர். அவ்வேளை உச்சம் பெற்றிருந்தது ‘அல்-காஹிர்’ எனப்படும் செவ்வாய்க் கிரகம். ஆகவே நகரம் ‘அல்-காஹிரா’ ஆயிற்று.

இக்கதையை நான் ஏற்பதற்கில்லை. ஏறத்தாழ இதே கதையை, மகா அலெக்சாந்தர் அலெக்சாந்திரியாவை நிறுவிய வரலாறாக அல்-மஸ்ஊதி எழுதிவைத்திருக்கிறார். மஸ்ஊதி மரணித்தது 956இல். அதாவது, ஜவ்ஹர் கயிறு கட்டுவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்! போதாததற்கு, புதிய நகருக்கு முதலில் இருந்த பெயர் அல்-மன்சூரிய்யா. 973இல் கலீபா முயிஸ் வந்துசேர்ந்த பின்னரே அது காஹிரா ஆயிற்று.

ஆனாலும் புறாவை அவ்வளவு இலகுவில் விரட்ட எனக்கு மனமில்லை. சோதிடரைத் தோற்கடித்த காகத்தின் கதை எந்த அரசனுடைய நகருக்கும் பொருந்தும். புறாவின் கதையோ, ஒரு நாட்டை வென்றவர்கள் தம்மை எவ்வாறு நினைவுகூர விரும்பினார்கள் என்பதைச் சொல்கிறது. ஒரு பறவைக் கூட்டையும் கலைக்காதவர்களாக! அதேவேளை, அது சொல்லாமல் விடுவதையும் கவனிக்கவேண்டும். கூடாரம் தனித்து நின்றது வெற்று மணலில் அல்ல. அருகே கோட்டை இருந்தது. அதனுள்ளும் புறமும் கொப்திய மக்கள் வாழ்ந்தனர். கதையில் அவர்களில் ஒருவருக்கேனும் இடமில்லை.

புஸ்தாத் பின்னர் அழிந்துபோனது. 1168இல் சிலுவைப் படை நெருங்கியபோது மந்திரி ஷாவர் அதற்குத் தீயிடச் செய்தார். 54 நாட்கள் எரிந்ததாக மக்ரீஸி எழுதுகிறார். 1912இல் அலி பஹ்ஜத் அங்கு அகழத் தொடங்கியபின் வெளிவந்த பொருட்களிடையே சீனத்து மட்பாண்டத் துண்டுகளும் கிடைத்தன.

கூடாரம் நின்றதாகச் சொல்லப்படும் இடத்தில் இன்று இருப்பது அம்ர் பள்ளிவாசல். 50 முழ நீளமும் 30 முழ அகலமுமாக எழுப்பப்பட்ட முதற் கட்டடத்தில் எதுவும் மிஞ்சவில்லை. பலதடவை இடித்தும் விரித்தும் கட்டிவிட்டார்கள். அதன் பழைய தூண்களை உற்றுப் பார்த்தால் ஒன்றின் தலைப்பு மற்றதைப்போல் இராது. அவை அதற்கு முந்திய கட்டடங்களிலிருந்து பெயர்த்து எடுத்துவரப்பட்ட தூண்கள்.