அன்றாடச் செயல்வழிப் பயிற்சி

ஆட்டிசம் உள்ளோருக்குப் பல் துலக்குதல், சட்டை மாட்டுதல் போன்ற அன்றாட வேலைகளின் ஊடாகவே திறன்களைக் கற்பிக்கும் முறை. வகுப்பறையில் கற்றதை வீட்டில் பயன்படுத்துவது பலருக்குக் கடினம் என்பதால், திறன் தேவைப்படும் இடத்திலேயே பயிற்சி நடக்கிறது. வேலை சிறு படிகளாகப் பிரிக்கப்படும். ‘பின்னிருந்து கோத்தல்’ உத்தியில் முந்தைய படிகளையெல்லாம் பெரியவர் செய்து தர, கடைசிப் பொத்தானை மட்டும் குழந்தை போடும். அது கைவந்ததும் அதற்கு முந்தைய படி சேரும். முடித்த நிறைவு தொடக்கத்திலேயே கிடைப்பது இதன் பெரும் பலம். எரிக் ஷாப்ளர் உருவாக்கிய, 1972இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத் திட்டமாக ஆன ‘டீச்’, படிகளைக் காட்டும் பட அட்டவணைகளைப் பரவலாக்கியது. ஆட்டிசத்துக்குப் பெற்றோரையே பழித்த காலத்தில் அவர்களை உடன் பயிற்றுநர்களாக ஏற்றது. பல் துலக்கும் பயிற்சியில், பற்பசையின் காரம் பொறுக்காத குழந்தையை வற்புறுத்தக் கூடாது. பசையைத்தான் மாற்ற வேண்டும்.