தோற்றவர்களுக்கு முன்னுரிமை: லடாக்கின் செக்மோல் வளாகமும் செய்முறைக் கல்வியும்

லடாக்கைச் சேர்ந்த கல்லூரி மாணவர் சிலர் கூடி 1988இல் தொடங்கிய கல்வி இயக்கம் செக்மோல். லடாக் மாணவர் கல்வி, பண்பாட்டு இயக்கம் என்பது அதன் முழுப்பெயர். லே நகருக்கு மேற்கே, சிந்து ஆற்றங்கரையில், ஃபே என்னும் சிற்றூரை ஒட்டி அதன் வளாகம் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வில் தோற்றவர்களுக்கு அங்கே முன்னுரிமை. பிற நிறுவனங்கள் மதிப்பெண் பட்டியலை மேலிருந்து படிக்க, இது கீழிருந்து படிக்கிறது. தன்னம்பிக்கை இழந்த இளைஞர் அதை எவ்வாறு மீட்கிறார்கள் என்று ஆராய்பவர்க்கு இந்தியாவில் இதைவிடத் தெளிவான களம் கிடைப்பது அரிது.

1990களின் நடுவில், அரசுப் பள்ளிகளிலிருந்து பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய லடாக் மாணவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவிலேயே தேறினர். பிள்ளைகள் மந்தமானவர்கள், மலைவாசிகளுக்குப் படிப்பு ஏறாது என்று பேசுவது வழக்கமாக இருந்தது. உண்மையான காரணம் வகுப்பறையின் மொழியில் இருந்தது. வீட்டில் பேசுவது லடாக்கி. தொடக்கப்பள்ளியில் பாடம் நடந்ததோ உருது மொழியில். ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் எல்லாமே ஆங்கிலத்துக்கு மாறின. உருதுவில் அரைகுறையாகப் பிடித்ததையும் அங்கே கைவிட வேண்டியிருந்தது. பாடநூல்களும் சமவெளியின் பருவமழையையும் ரயிலையும் பற்றிப் பேசின. ரயிலே எட்டாத, ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மட்டுமே மழை பெறுகிற, 3,500 மீட்டர் உயரத்துக் குளிர்ப்பாலையில் வளரும் பிள்ளைக்கு அவற்றில் பிடிமானம் ஏது? பாடத்திட்டம் செய்த பிழைக்குப் பிள்ளை தண்டனை பெற்றது. அதைவிடக் கொடுமை, அந்தத் தண்டனை நியாயமானதுதான் என்று பிள்ளையே நம்பத் தொடங்கியது.

இயக்கத்தின் நிறுவனர்களுள் ஒருவரான சோனம் வாங்சுக் இதைத் தம் உடம்பிலேயே அறிந்தவர். 1966இல் பிறந்த அவர் ஒன்பது வயது வரை பள்ளிக்குப் போகவில்லை. ஊரில் பள்ளியே இல்லை. தாயிடம் தாய்மொழியில் எழுத்தும் எண்ணும் கற்றார். பிறகு சிறீநகர்ப் பள்ளியில் சேர்க்கப்பட்டபோது, மொழி புரியாமல் விழித்த சிறுவனை ஆசிரியர்கள் மந்தன் என்றே கொண்டனர். பின்னாளில் சிறீநகரிலேயே இயந்திரப் பொறியியல் படித்தார். படிப்புச் செலவுக்காக லேயில் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குத் தனிப்பயிற்சி நடத்தியபோதுதான், கூர்மையான பிள்ளைகளும் கூட்டம் கூட்டமாகத் தோற்பதைக் கண்டார்.

முதல் முயற்சி சஸ்போல் கிராமத்து அரசுப் பள்ளியில் நடந்தது. 1994இல் அது அரசு, கிராம மக்கள், இயக்கம் ஆகிய மூன்று தரப்பும் இணைந்த 'புதிய நம்பிக்கை' என்ற திட்டமாக விரிந்தது. கிராமக் கல்விக் குழுக்கள் அமைந்தன. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. உள்ளூர் வாழ்க்கையைச் சொல்லும் பாடநூல்கள் உருவாயின. தேர்ச்சி விகிதம் 2006இல் 55 விழுக்காட்டையும் 2015இல் 75 விழுக்காட்டையும் தொட்டதாக இயக்கத்தின் கணக்கு சொல்கிறது. இந்த ஏற்றம் முழுவதையும் ஒரே திட்டத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. அதே காலத்தில் சாலை, வருமானம், தனியார் பள்ளி என்று லடாக்கே மாறிக்கொண்டிருந்தது. ஆனால் 'மலைவாசிக்குப் படிப்பு ஏறாது' என்ற பேச்சைப் பொய்யாக்க அந்த எண்கள் போதும்.

பள்ளிகளைத் திருத்துவது ஒரு வேலை. ஏற்கெனவே தோற்று வெளியேறியவர்களை என்ன செய்வது என்பது வேறு கேள்வி. ஃபே வளாகம் அதற்கான விடை. அங்கே முதல் பாடநூல் கட்டடமே எனலாம். சுவர்கள் உள்ளூர் மண்ணை இடித்துக் கெட்டித்து எழுப்பியவை. கட்டடத்தின் நீளவாட்டம் தெற்கு நோக்கியது. குளிர்காலச் சூரியன் தாழ்வாகச் சாய்ந்து வருவதால் வெயில் அறைக்குள் ஆழமாகப் பாய்கிறது. தென்புறத்தில் குளிர்காலத்துக்கு மட்டும் ஒளிபுகும் விரிப்பைக் கட்டிப் பசுங்குடில் ஆக்குகிறார்கள், கோடையில் கழற்றிவிடுகிறார்கள். கனத்த மண்சுவர் பகலில் வெப்பத்தை வாங்கி வைத்து இரவில் விடுகிறது. வெளியே உறைநிலைக்குப் பதினைந்து பாகை கீழே போனாலும் உள்ளே விறகோ கரியோ எரிக்காமல் காலந்தள்ள முடிகிறது. விளக்குக்கும் சமையலுக்கும் பெருமளவு சூரிய ஆற்றலே. 2016இல் இந்த மண் கட்டடத்துக்குப் பன்னாட்டு 'டெர்ரா' விருது கிடைத்தது.

கோணமும் வெப்பக் கடத்தலும் பரீட்சைத் தாளில் வந்தபோது விழித்த அதே மாணவர், அவற்றைச் சுவரிலும் கண்ணாடியிலும் கையாள்கிறார். கணக்குத் தப்பினால் அறை குளிரும், திருத்தினால் சூடாகும். இங்கே மதிப்பெண் போடுபவர் ஆசிரியர் அல்லர், வேலையே போடுகிறது. இதுவே செய்முறைக் கல்வியின் உயிர்நிலை. 'உன்னால் முடியும்' என்று மேடையில் சொல்லப்படும் ஊக்கமொழிக்கு, ஏற்கெனவே ஒருமுறை தோற்கடிக்கப்பட்ட பிள்ளையிடம் பெரிய மதிப்பில்லை. கேட்கும், தலையாட்டும், நம்பாது. தான் சரிசெய்த சூரிய அடுப்பில் நண்பர்களுக்கு உலை கொதிப்பதை மறுக்க அதற்கு வழியில்லை.

வளாகத்தை நடத்துவதும் பெரும்பாலும் மாணவர்களே. சிறுநாடு போல அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் அரசு உண்டு. மாடு, தோட்டம், சமையல், சூரியத் தகடுகள், வரவு செலவு என ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் உண்டு. பொறுப்புகள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கைமாறும். கூச்சத்தால் வாய் திறக்காதவரும் கூட்டத்தில் எழுந்து கணக்குச் சொல்லியாக வேண்டும். வெளியூர்த் தன்னார்வலர்களோடு பேசிப் பேசியே ஆங்கிலம் பழகுகிறார்கள். தேர்வில் காலை வாரிய மொழி நாளடைவில் பேச்சுத்துணை ஆகிறது. மாணவிகள் குளிர்காலத்தில் பனி ஹாக்கி ஆடுகிறார்கள்.

கற்றது வளாகச் சுவருக்கு வெளியிலும் பயன்பட்டதற்குப் பனித்தூபி சான்று. லடாக் உழவருக்கு ஏப்ரல், மே மாதங்களில் விதைப்புக்குத் தண்ணீர் வேண்டும். பனியாறுகள் நன்றாக உருகுவதோ அதற்குப் பிறகுதான். 2013இல் வாங்சுக் மாணவர்களோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார். மேட்டிலிருந்து குழாய் வழியே வரும் ஓடைநீர், இறங்கும் அழுத்தத்தால் தானே மேலே பீச்சியடிக்கிறது. கடுங்குளிரில் விழும்போதே உறைந்து கூம்பாக வளர்கிறது. கூம்பு வடிவத்தில் நீரின் கொள்ளளவுக்கு வெயில் படும் பரப்பு குறைவு என்பதால் அது வசந்தம் வரை தாக்குப்பிடிக்கிறது. அடுத்த குளிர்காலத்தில் ஃபியாங் கிராமத்தில் பெரிய அளவில் செய்து காட்டினர். பம்பு கிடையாது, மின்சாரம் கிடையாது. எட்டாம் வகுப்பு இயற்பியலே மூலதனம்.

இத்தகைய கல்வியின் மேல் தமிழ் வாசகருக்கு இயல்பாகவே ஓர் ஐயம் எழும்; எழுவது நியாயமும்கூட. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலையே கற்பித்தலின் மையமாக்கியது. சேவாகிராமத்தில் அதை முன்னின்று நடத்தியவர் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகம். பிற்காலத்தில் பெற்றோர் பலர் அதை ஏழைகளுக்கான இரண்டாந்தரப் படிப்பாகவே பார்த்தனர். 1953இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மிச்ச நேரத்தில் தகப்பன் தொழிலைப் பழகச் சொன்னது. குலக்கல்வி என்ற பெயரால் கடும் எதிர்ப்பைச் சந்தித்த அதை 1954இல் காமராசர் கைவிட்டார். கைவேலை பிறப்போடு கட்டப்பட்டால் அது கல்வியாகாது என்பதை அந்த வரலாறு தெளிவாக்கியது. செக்மோலில் யார் வீட்டுப் பிள்ளையாயினும் எல்லா வேலையும் சுழற்சியில் வரும், பாடநேரம் வெட்டப்படுவதில்லை, தோற்ற தேர்வை மீண்டும் எழுதித் தேறவும் பயிற்சி உண்டு. வேறுபாடு இந்த மூன்றிலும் இருக்கிறது.

குறைகளும் இல்லாமல் இல்லை. வளாகம் சிறியது, அரசுப் பள்ளி அமைப்பின் பரப்போடு ஒப்பிட்டால் அது எட்டும் மாணவர் தொகை சொற்பம். ஒரு தனிமனிதரின் புகழ் நிறுவனத்தின் மேல் கவிந்திருப்பதும் உண்மை. 2018இல் வாங்சுக் பெற்ற மகசேசே விருது அந்த நிழலை இன்னும் நீட்டியது. ஆயினும் இங்கே பயின்றவர்கள் சென்ற வழிகள் பலவகையானவை. பத்தாம் வகுப்பில் தோற்ற ஸ்டான்சின் தோர்ஜாய் ஆவணப்பட இயக்குநரானார். பனிமலையில் ஆடு மேய்க்கும் தம் அக்காளைப் பற்றி அவர் எடுத்த படம் பல நாடுகளில் திரையிடப்பட்டது. தின்லாஸ் சோரோல் மலையேற்ற வழிகாட்டியானார். அது அதுவரை லடாக்கில் ஆண்களின் தொழில். பெண்ணை நம்பி மலைக்கு அனுப்ப நிறுவனங்கள் தயங்கிய சூழலில், 2009இல் அவர் லடாக்கி மகளிர் பயண நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் பெண்களே.