சாவடிப் பொறுப்பாளருக்குக் கொடுத்த இரு தெனாரியம்

காரைக்காலுக்கும் நாகூருக்கும் இடையே, திருமலைராயன்பட்டினத்தை அடுத்து அமைந்த சிற்றூர் போலகம். இத்தகைய கடலோர ஊர்களில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளைகளின் இல்லங்களில் 'நர்சிங் படிக்க வைக்கலாமா?' என்ற கேள்வி எழுவதுண்டு. செலவையும் சம்பளத்தையும் பெற்றோர் கணக்கிடும்போது, 'இது தொண்டல்லவா, கூலி பார்க்கலாமா?' என்று குறுக்கிடுவோரும் நம்மிடையே உளர். இவ்வினாவுக்குத் திருச்சபையின் வரலாறே விடை தருகிறது.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1827-இல், குளூனி புனித சூசையப்பர் சபைச் சகோதரிகள் புதுச்சேரிக்கு வந்தனர். நோயுற்றோரைப் பேணுவது துறவியருக்கு என்றும் உரிய அறச்செயலாகவே மதிக்கப்பட்டது. ஆயினும் அவர்கள் மருத்துவத் தொழில் புரிவதற்கும், குறிப்பாக மகப்பேறு பார்ப்பதற்கும் திருச்சபை தடை விதித்திருந்தது. ஆண் மருத்துவரை அணுக விரும்பாத இந்தியப் பெண்களோ பேறுகாலத்தில் உதவியின்றி மடிந்தனர்.

ஸ்காட்லாந்து மருத்துவர் ஆக்னஸ் மெக்லாரன் 1909-இல் ராவல்பிண்டியில் பெண்களுக்கென மருத்துவமனை நிறுவினார்; தடையை நீக்குமாறு உரோமையிடம் மன்றாடினார். அதே 1909-இல் வேலூரில் ஐடா ஸ்கடர் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946-இல் அங்குப் பட்டப்படிப்பும் வந்தது. சீர்திருத்தச் சபையினர் முந்திக்கொண்டனர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மருத்துவர் மேரி குளோரி, திருத்தந்தையின் தனி அனுமதி பெற்று 1920 முதல் குண்டூரில் துறவியாகவே மருத்துவம் செய்தார். இறுதியில் 1936 பிப்ரவரி 11 அன்று உரோமை வெளியிட்ட அறிவுறுத்தல், அருட்சகோதரிகள் மருத்துவமும் செவிலியமும் மகப்பேற்றுப் பணியும் முறையாகக் கற்க வழி திறந்தது. அன்பு மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்று திருச்சபை ஏற்றுக்கொண்ட நாள் அது.

பயிற்சிக்கு உரிய ஊதியமும் வேண்டும் என்பதே அடுத்த படி. இன்று பட்டப்படிப்புக்கு நான்கு ஆண்டுகள், பட்டயப்படிப்புக்கு மூன்று ஆண்டுகள். முடித்தபின் செவிலியர் மன்றத்தில் பதிவு செய்தல் கட்டாயம். ஏழாவது ஊதியக்குழுவின்படி ஜிப்மர் போன்ற மத்திய நிறுவனங்களில் செவிலியரின் தொடக்க அடிப்படை ஊதியம் ரூ.44,900. தனியார் மருத்துவமனைகளின் நிலை வேறு. உச்சநீதிமன்ற ஆணையை அடுத்து அமைக்கப்பட்ட குழு, 50 படுக்கைகளுக்குக் குறைந்த மருத்துவமனைகளிலும் மாதம் ரூ.20,000-க்குக் குறையலாகாது என்று 2016-இல் பரிந்துரைத்தது. அந்த அளவையும் எட்டாத சம்பளத்தில் இரவுப்பணி பார்க்கும் செவிலியர் இன்றும் உண்டு. வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் நம் பெண்கள் புறப்படுவதைப் பேராசை என்று பழிப்பவர்கள், முதலில் இந்த இடைவெளியை எண்ணிப் பார்க்கட்டும்.

1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் நீதியான கூலியைத் தொழிலாளரின் உரிமையாக அறிவித்தார். மருத்துவமனை நம்முடையது என்பதற்காக அந்த உரிமை குறைந்துவிடுவதில்லை. நல்ல சமாரியர் உவமையில் நாம் எண்ணெயையும் திராட்சை மதுவையும் நினைவில் வைக்கிறோம். மறுநாள் நடந்ததை மறந்துவிடுகிறோம். காயமுற்றவரைப் பார்த்துக்கொள்ளுமாறு ஒப்படைத்தபோது, அவர் சாவடிப் பொறுப்பாளரின் கையில் இரு தெனாரியம் கொடுத்தார்; மேற்கொண்டு செலவானால் அதையும் தருவதாக வாக்களித்தார். பேணுபவருக்கு உரியதைக் கொடுத்ததும் அவருடைய இரக்கத்தின் பகுதியே.

போலகத்துப் பெற்றோர் சம்பளத்தைக் கேட்கட்டும். அதில் குற்றம் இல்லை. நம் நிறுவனங்கள் அதற்கு நாணாமல் விடை சொல்லும் நிலையில் இருக்கட்டும்.