எத்தனால் கலந்த பெட்ரோல்: வாகன ஓட்டிகளின் ஐயங்கள்

கரும்புச்சாறு, மொலாசஸ், மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றைப் புளிக்கவைத்து வடித்தெடுக்கும் எத்தனாலை, அதிலுள்ள நீரை நீக்கிப் பெட்ரோலுடன் கலந்து விற்பதே எத்தனால் கலந்த பெட்ரோல். நூறு பங்கில் பத்துப் பங்கு எத்தனால் என்றால் இ10, இருபது என்றால் இ20, எத்தனாலே கலக்காதது இ0 என்று வழங்கும். இந்தியாவில் இ20 பெட்ரோலுக்கான ஐஎஸ் 17021 என்ற தரக்குறிப்பு 2018இல் வந்தது. 2025இல் அதுவே நாடெங்கும் பங்க்குகளில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலாகிவிட்டது. மைலேஜ் குறைகிறது, ரப்பர் பாகங்கள் கெடுகின்றன, டேங்க் துருப்பிடிக்கிறது, காப்பீடு செல்லாமல் போய்விடுமோ என்ற ஐயங்களும் அதோடு சேர்ந்து வலுத்தன. இவற்றுள் சில மிகையானவை. சில அரசின் ஆவணங்களே ஒப்புக்கொண்டவை. எத்தனால் கலக்கும் நாடுகளின் அனுபவத்தைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். ஓட்டிகளின் அச்சம் எங்கே தணிந்தது, எங்கே கோபமாக மாறியது என்பதை எத்தனாலின் குணத்தைவிட, பழைய வண்டி வைத்திருப்பவருக்கு வேறு எரிபொருள் வாங்க வழி இருந்ததா என்பதே பெரிதும் தீர்மானித்திருக்கிறது.

ஆல்கஹாலில் எஞ்சின் ஓட்டுவது பெட்ரோல் காரைவிடப் பழையது. அமெரிக்கரான சாமுவேல் மோரே 1826இல் உருவாக்கிய உள்ளெரி எஞ்சின் ஆல்கஹாலும் டர்பன்டைனும் கலந்த எரிபொருளில் ஓடியது. 1920களில் எஞ்சின் தட்டலை அடக்கும் சேர்மத்தைத் தேடியபோது எத்தனாலும் பரிசீலனையில் இருந்தது. ஆனால் வென்றது டெட்ராஎத்தில் ஈயம். அந்த ஈயத்தை ஒழிக்க உலகத்துக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பிடித்தன என்பது தனிக்கதை. எத்தனாலைக் கைவிடாத நாடு பிரேசில். இறக்குமதிப் பெட்ரோலில் 5 விழுக்காடு எத்தனால் கலக்க அங்கே 1931இலேயே ஆணை பிறந்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1975 நவம்பரில் ப்ரோஆல்கூல் என்ற தேசியத் திட்டம் தொடங்கியது. 1979இல் முழு ஆல்கஹாலில் ஓடும் ஃபியட் 147 விற்பனைக்கு வந்தது. இன்று இந்திய மெக்கானிக்குகள் சொல்லும் குறைகளெல்லாம் அன்று அங்கேயும் எழுந்தன. கார்புரேட்டர் அரித்தது, அதற்கு நிக்கல் பூச்சு கொடுத்தார்கள். குளிர்காலக் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பானெட்டுக்குள் சிறிய பெட்ரோல் டப்பா ஒன்றை வைத்து, முதல் சில விநாடிகள் அதிலிருந்து எரிபொருள் போகும்படி செய்தார்கள். 1980களின் நடுவில் அங்கே விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது ஆல்கஹால் கார்கள்.

அந்த வெற்றியை முறித்தது துரு இல்லை, தட்டுப்பாடு. 1980களின் இறுதியில் சர்க்கரை விலை ஏறியதும் ஆலைகள் எத்தனாலை விட்டுச் சர்க்கரைக்குத் திரும்பின. ஆல்கஹால் கார் வைத்திருந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். அவர்கள் வண்டிக்குப் பெட்ரோலும் ஒத்துவராது. அடுத்த பத்தாண்டில் அந்தக் கார்களை வாங்க ஆளில்லாமல் போயிற்று. 2003இல் ஃபோக்ஸ்வாகன் கோல் டோட்டல் ஃப்ளெக்ஸ் வந்து, எந்த விகிதக் கலவையிலும் ஓடும் எஞ்சினைத் தந்த பிறகே நம்பிக்கை மீண்டது. இப்போது அங்கே ஒரே பங்க்கில் கலவைப் பெட்ரோலும் தனி எத்தனாலும் கிடைக்கின்றன. எத்தனாலின் விலை பெட்ரோல் விலையில் 70 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் எத்தனால், இல்லாவிட்டால் பெட்ரோல் என்பது அங்குள்ள ஓட்டிகளின் மனக்கணக்கு. 2025 ஆகஸ்டில் பெட்ரோலில் எத்தனாலின் அளவு 27இலிருந்து 30 விழுக்காடாக உயர்த்தப்பட்டதும் இந்தப் பின்னணியில்தான். ஆகவே, பிரேசில் 27 விழுக்காட்டில் பல ஆண்டு ஓடவில்லையா என்று இந்திய ஓட்டியிடம் கேட்பது பாதி வாதமே; அங்கே ஓட்டிக்குத் தேர்வு இருந்தது. மற்ற நாடுகளிலும் வேறு எரிபொருள் வாங்க வழி இருந்தது. ஜெர்மனி 2011இல் இ10ஐ அறிமுகப்படுத்தியபோது, பத்தில் ஒன்பது வண்டிகளுக்கு மேல் அதை ஏற்கும் என்று அரசு சொல்லியும் மக்கள் கூடுதல் விலை கொடுத்துப் பழைய பெட்ரோலையே வாங்கினார்கள். பிரிட்டன் 2021 செப்டம்பரில் இ10க்கு மாறியபோது உயர்தரப் பெட்ரோலை இ5ஆகவே வைத்துக்கொண்டு, எந்த வண்டிக்கு எது பொருந்தும் என்று பார்க்க இணையவழி வசதியும் செய்துகொடுத்தது. அமெரிக்காவில் இ15 பெட்ரோலை 2001க்கு முந்தைய கார்களிலும் எல்லா மோட்டார் சைக்கிள்களிலும் நிரப்பத் தடை இருக்கிறது.

இந்தியாவிலும் இது நேற்றுப் பிறந்த யோசனை அல்ல. மோட்டார் எரிபொருளில் ஆல்கஹால் சேர்ப்பதற்கான சட்டம் 1948இலேயே இயற்றப்பட்டது. 2001இல் மகாராஷ்டிரத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் முன்னோட்டம், 2003 ஜனவரியில் 9 மாநிலங்களில் 5 விழுக்காடு, பிறகு கரும்புப் பற்றாக்குறையால் தேக்கம் என்று திட்டம் தள்ளாடியது. 2013-14இல் சராசரிக் கலப்பு 1.53 விழுக்காடுதான். 2018இன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2030க்குள் 20 விழுக்காடு என்று இலக்கு வைத்தது. அந்த இலக்கு பின்னர் 2025-26க்கு முன்தள்ளப்பட்டது. 2022 ஜூனில் 10 விழுக்காடு எட்டப்பட்டது. 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் இ20 விற்பனை தொடங்கி வைக்கப்பட்டது. பங்க்குகள் மூன்றே ஆண்டில் மாறிவிட்டன. வீட்டு வாசலில் நிற்கும் வண்டி அவ்வளவு வேகமாக மாறுவதில்லை.

ஓட்டிகளின் முறையீடுகளில் மைலேஜ் குறைவு பற்றியதே மிக உறுதியானது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால் மொத்த ஆற்றலில் ஆறேழு விழுக்காடு குறையும்; இது வெறும் பெருக்கல் கணக்கு. நிதி ஆயோக் 2021 ஜூனில் வெளியிட்ட திட்ட அறிக்கையும், இ0க்கு வடிவமைத்து இ10க்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 விழுக்காடும், இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 விழுக்காடும் மைலேஜ் குறையும் என்றுதான் சொன்னது. இ10க்கு வடிவமைத்து இ20க்குச் சரிசெய்த கார்களில் 1 முதல் 2 விழுக்காடே குறையும். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் கார் ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொண்டால், 6 விழுக்காட்டுக் குறைவு என்பது ஏறத்தாழ 42 லிட்டர் கூடுதல் செலவு. லிட்டர் 100 ரூபாய் என்றால் 4,200 ரூபாய். மைலேஜ் பாதியாகிவிட்டது என்று சொல்பவர்கள் வேறு கோளாறைத் தேட வேண்டும். குறைவே இல்லை என்று சொல்பவர்கள் மேற்கண்ட அறிக்கையைப் படிக்க வேண்டும்.

எஞ்சின் கெடும் என்ற அச்சத்தை வண்டியின் வயதை வைத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான வண்டிகளின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் இ20ஐத் தாங்குபவை. 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு இருசக்கர வாகனங்களும் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. அவற்றின் சென்சார், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து எரிபொருளைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். எனவே பெட்ரோலுக்கென்று துளையிட்ட ஜெட் வழியாக இ20 போகும்போது கலவையில் காற்று மிகுந்து, எஞ்சின் சூடேறி, இழுவை குறையும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் ஈரம் ஓரளவுக்கு மேல் சேர்ந்தால், நீரும் எத்தனாலும் ஒன்றாகிப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். எரிபொருள் குழாயின் வாயும் அடியில்தான். அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சினுக்குள் போவது அந்த நீர்க்கலவைதான். அலுமினிய, துத்தநாக வார்ப்பில் செய்த ஃப்ளோட் சேம்பரில் வெள்ளைப் பொடி படிந்து ஜெட் அடைத்துக்கொள்வதும், பழைய பெட்ரோல் டியூபும் ஓ-ரிங்கும் ஊதிப்போவதும் இதன் தொடர்ச்சி. சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பின் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற நேரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் கூறியது. செலவு சொற்பம் என்றும் சேர்த்துக்கொண்டது. அந்தச் சொற்பத்தை யார் ஏற்பது என்று சொல்லவில்லை.

இதற்கு அரசுத் தரப்பின் மறுமொழிகள் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. எத்தனாலின் ஆக்டேன் எண் 108ஐ ஒட்டியது. அதனால் இ20இல் தட்டல் குறைவு. ஆனால் அந்த நன்மையைக் கறக்க எஞ்சினின் அழுத்த விகிதம் உயர வேண்டும். ஏற்கெனவே விற்ற வண்டியில் அது உயராது. கார்பன் மோனாக்சைடு இருசக்கர வாகனங்களில் 50 விழுக்காடும் கார்களில் 30 விழுக்காடும் குறையும் என்ற கணிப்பு நகரக் காற்றுக்கு நல்ல செய்தி. 2014-15 முதல் 1.4 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் அந்நியச் செலாவணி மிஞ்சியது என்பதும், ஆலைகளிடமிருந்து விவசாயிக்குப் பணம் விரைவாக வந்தது என்பதும் மெய்யான ஆதாயங்களே. காப்பீடு செல்லாது என்பது வெறும் வதந்தி. விலையைக் குறைக்கலாமே என்ற கேள்விக்கு மட்டும் விடை திருப்தியாக இல்லை. ஓட்டிகளின் இழப்பை ஈடுகட்ட வரிச்சலுகை தரலாம் என்று நிதி ஆயோக் அறிக்கை பரிந்துரைத்தது. பின்னர் எத்தனாலின் சராசரிக் கொள்முதல் விலை லிட்டருக்கு 71.32 ரூபாயாக ஏறி, சுத்திகரித்த பெட்ரோலின் விலையையே மிஞ்சிவிட்டது என்றது அமைச்சகம். நாட்டுக்குக் கிடைத்த ஆதாயத்தின் ஒரு சிறு பகுதிகூடப் பழைய வண்டிக்காரரின் கைக்கு வரவில்லை என்பதை இந்த விடை மறுக்கவில்லை.

எத்தனால் கலக்காத பெட்ரோலையும் பங்க்குகளில் விற்க உத்தரவிடக் கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. 2025இல் அரசு கொண்டிருந்த திட்டம் 2026 அக்டோபர் 31 வரை இ20ஐ வரையறுத்திருந்தது.